நாவும் நகையும்

சந்தை ஒன்றில் நிகழும் ஒரு காட்சியை மனத்தில் அமைத்துக்கொள்வோம். தொண்டை நாட்டுச் சிற்றூர் ஒன்றின் வாரச் சந்தை அது. வாழைத்தார்களைப் பரப்பி வைத்துக்கொண்டு வணிகர் ஒருவர், "பயம்! பயம்! நல்ல வாயப்பயம்!" என்று கூவுகின்றார். பொருநைக் கரையிலிருந்து வந்த ஒருவர் அதனைக் கேட்கின்றார். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்ன அண்ணாச்சி, பயத்தையா விற்கிறீர்கள்? அதை யார் காசு கொடுத்து வாங்குவார்? பளம் என்று திருத்தமாகச் சொல்லக் கூடாதா?" என்கின்றார். வணிகரும் சிரிக்கின்றார். "பளமா? அப்படி ஒரு பண்டம் எங்கள் ஊரில் விளைவதில்லையே, அண்ணே!" என்கின்றார்.

இருவரும் ஒருவரை ஒருவர் நகைத்தனர். ஆயினும், இருவருள் ஒருவரேனும் 'பழம்' என்று சொல்லவில்லை! ஒருவர் நாவில் ழகரம் யகரமாயிற்று. மற்றவர் நாவில் அது ளகரமாயிற்று. தம் நாவின் மாற்றம் தமக்குத் தெரியவில்லை. பிறர் நாவின் மாற்றமே செவியில் விழுந்தது. தன் முதுகைத் தான் காண இயலாதவாறு போல, தன் பேச்சின் வட்டாரச் சாயலைத் தான் கேட்பதும் அரிதேயாம்.

மொழிக்கு இரு வடிவங்கள் உண்டு. ஒன்று, வாயால் பேசிச் செவியால் கேட்கும் பேச்சு வடிவம். மற்றொன்று, கையால் எழுதிக் கண்ணால் காணும் எழுத்து வடிவம். எழுத்து வடிவம் நாடு முழுவதற்கும் ஒன்றாக நிற்பது. பேச்சு வடிவமோ ஊர்தோறும் சிறிது சிறிதாக வேறுபடுவது. 'வந்துகொண்டு இருக்கிறேன்' என்று எழுதுகின்றோம். அதனையே சென்னைப் பேச்சில், 'வந்துகினு கீறேன்' என்பர். மதுரையில், 'வந்துக்கிட்டு இருக்கேன்' என்பர். கொங்கு நாட்டில், 'வந்துட்டு இருக்கேனுங்க' என்று மரியாதையையும் உடன் சேர்ப்பர். யாழ்ப்பாணத்தில், 'வந்துகொண்டிருக்கிறன்' என்பர். இவருள் எழுத்தில் உள்ளவாறே பேசுபவர் எவரும் இலர். எழுத்துக்கு அண்மையில் நிற்பாரும் சேய்மையில் நிற்பாரும் உண்டேயன்றி, எழுத்தோடு முற்றும் ஒன்றி நிற்பார் இல்லை.

ஒலி ஏன் இவ்வாறு வேறுபடுகின்றது? ழகரத்தையே சான்றாகக் கொண்டு ஆராய்வோம். நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடும்போது ழகரம் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. வருடுதல் என்பது மெல்லத் தடவுதல். வளைந்த நா அண்ணத்தில் சற்று அழுந்திவிட்டால், மூச்சு நாவின் இருபுறமும் வழிந்து ளகரம் தோன்றிவிடும். நா வளையாமல் அதன் நடுப்பகுதி மட்டும் அண்ணத்தை நோக்கி எழுமாயின், யகரத்தை ஒத்த ஒலி தோன்றிவிடும். ழகரம் இவ்விரண்டிற்கும் இடையே ஒரு நூலிழையில் நிற்பது. சிறிது அழுந்தினும் தவறும். சிறிது நெகிழினும் தவறும். தென்பாண்டி நாட்டார் நா அழுந்திற்று; தொண்டை நாட்டார் பலரின் நா நெகிழ்ந்தது. இதில் அறிவுக் குறைவும் இல்லை. ஒழுக்கக் குறைவும் இல்லை. குழந்தை தன் தாய் பேசக் கேட்டவாறு பேசியது. அத்தாயும் தன் தாய் பேசக் கேட்டவாறே பேசினாள்.

இம்மாற்றம் தமிழ்நாட்டின் எல்லையோடு நின்றுவிடவும் இல்லை. நாம் 'ஏழு' என்பதனை மலையாளத்தார் 'ஏழு' என்றே ஒலிப்பர். கன்னடத்தார் 'ஏளு' என்பர். தெலுங்கர் 'ஏடு' என்பர். நம் 'கோழி' கன்னடத்தில் 'கோளி' ஆகின்றது. தெலுங்கில் 'கோடி' ஆகின்றது. பழங்கன்னடத்தில் ழகரத்திற்குத் தனி எழுத்து இருந்தது. நாளடைவில் ஒலி மறைந்தது. ஒலி மறையவே எழுத்தும் வழக்கு ஒழிந்தது. இன்று 'ஏளு' என்பது கன்னடத்தில் குறை அன்று, அதுவே இலக்கணம். ஒரு மொழியில் இலக்கணமாக மதிக்கப்படும் மாற்றத்தையே பக்கத்து ஊரார் வாயில் கேட்டு நாம் நகைக்கின்றோம்.

எழுத்து வேறு, ஒலி வேறு என்னும் உண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். 'தலை' என்னும் சொல்லின் இறுதியில் உள்ள ஐகாரம் தனக்குரிய இரண்டு மாத்திரை அளவு ஒலிப்பதில்லை. குறுகி ஒரு மாத்திரையாகவே ஒலிக்கின்றது. இதனை ஐகாரக் குறுக்கம் என்றனர். 'நாடு', 'பாக்கு' முதலிய சொற்களின் இறுதி உகரமும் தன் அளவில் குறைந்து ஒலிக்கும். அதனைக் குற்றியலுகரம் என்றனர். 'கடல்', 'தங்கம்', 'அகம்' என்னும் மூன்று சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க. மூன்றிலும் உள்ளது ஒரே ககர வரிசை. ஆயின், மூன்றும் மூவகையாக ஒலிக்கின்றன. எழுதுவது ஒன்றாகவும் ஒலிப்பது பலவாகவும் இருத்தல் தமிழுக்குப் புதிதன்று.

நாட்பட்ட பேச்சினால் சிதைந்த சொற்களையும் அவர்கள் வெறுத்து ஒதுக்கவில்லை. 'சோழநாடு' என்பது 'சோணாடு' என்றாயிற்று. 'மலையமானாடு' என்பது 'மலாடு' என்றாயிற்று. 'அருமருந்தன்ன' என்பது 'அருமந்த' என்றாயிற்று. இவற்றிற்கு மரூஉ என்று பெயர் கொடுத்து, இலக்கணத்தின் அவைக்களத்திலேயே இருக்கை அளித்தனர். தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். திசைச்சொல் என்பது செந்தமிழ் நிலத்தைச் சார்ந்த பன்னிரு நிலத்தார் தத்தம் குறிப்பில் வழங்கும் சொல். தென்பாண்டி நாட்டார் ஆவையும் எருமையையும் 'பெற்றம்' என்றனர். குட்ட நாட்டார் தாயைத் 'தள்ளை' என்றனர். அச்சொற்களை உரையாசிரியர்கள் போற்றி எடுத்துக் காட்டினர். "இது பட்டிக்காட்டுச் சொல்" என்று ஒருவரும் கைகொட்டி நகைக்கவில்லை.

எனினும், பேச்சொலியில் நகை பிறத்தல் இயல்பே. அதனினும் மிகுந்த நகை, அவ்வொலியை உள்ளவாறே எழுத்தில் எழுதிக் காட்டும்போது பிறக்கின்றது. அதற்குக் காரணம் யாது? செவி நாள்தோறும் கேட்டுப் பழகிய ஒலியைக் கண் பார்த்துப் பழகியதில்லை. பழகிய ஒலி பழகாத உடையில் திடீரென்று எதிரே வந்து நிற்கின்றது. அது முதலில் புரிவதில்லை. வாய்விட்டுப் படித்தவுடன் புரிந்துவிடுகின்றது. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒரு கணத்திலேதான் சிரிப்பு பிறக்கின்றது. இளைஞர்கள் கைப்பேசியில் தம் ஊர்ப் பேச்சைப் பேசியவாறே எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்வதும் இக்காரணம் பற்றியே.

இத்தகைய நகை எல்லா நாடுகளிலும் உண்டு. 1964ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி நகரில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் ஒரு நிகழ்ச்சி புகழ் பெற்றது. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் கொள்ளுப்பேர்த்தி மோனிக்கா டிக்கன்ஸ் என்பவர். அவரும் ஓர் எழுத்தாளர். அவர் புத்தகக் கடை ஒன்றில் அமர்ந்து, தம் நூலை வாங்குவோருக்குக் கையொப்பம் இட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெண்மணி ஒருவர் நூலை நீட்டி, "எம்மா சிசிட்" என்றார். அது அப்பெண்மணியின் பெயர் போலும் என்று எண்ணிய மோனிக்கா, 'எம்மா சிசிட் அவர்களுக்கு' என்று எழுதிக் கையொப்பம் இட்டார். அப்பெண்மணி கேட்டதோ, 'ஹவ் மச் இஸ் இட்' என்னும் வினா. 'இதன் விலை என்ன' என்பது அதன் பொருள். ஆஸ்திரேலியர் நாவில் அந்நான்கு சொற்களும் குழைந்து ஒரு பெண்ணின் பெயராக ஒலித்தன!

இச்செய்தி நாளிதழில் வெளிவந்தது, நாடே சிரித்தது. அடுத்த ஆண்டிலேயே, அஃதாவது 1965இல், அலிஸ்டர் மாரிசன் என்னும் ஓவியக் கலைஞர் அந்நாட்டுப் பேச்சொலியை ஒலித்தவாறே எழுதி வேடிக்கை நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் அவர் புனைந்துகொண்ட பெயர் 'அஃபர்பெக் லாடர்'. அப்பெயர் வேறொன்றும் அன்று. 'அகரவரிசை' என்று பொருள்படும் 'ஆல்ஃபபெட்டிகல் ஆர்டர்' என்னும் தொடரே ஆஸ்திரேலியர் நாவில் அவ்வாறு குழைந்தது. அந்நூலை ஆஸ்திரேலியர்களே விரும்பி வாங்கிப் படித்துச் சிரித்தனர். தம்மவர் ஒருவர் தம்மையும் உட்படுத்திக்கொண்டு எழுதியது ஆதலின், அது அவர்களைப் புண்படுத்தவில்லை. மாரிசன் அவ்வளவில் நிற்கவும் இல்லை. 1968இல் இலண்டன் மாநகர உயர்குடியினரின் பேச்சையும் அவ்வாறே ஒலித்தபடி எழுதி மற்றொரு நூலை வெளியிட்டார். திருத்தமாகப் பேசுவதாகத் தருக்கியிருந்தவர்களின் பேச்சும், ஒலித்தபடி எழுதிப் பார்த்தால், வேடிக்கையாகவே இருந்தது.

இங்கு ஓர் உண்மை வெளிப்படுகின்றது. ஒலித்தவாறே எழுதினால் எவருடைய பேச்சும் நகைப்புக்கு இடம் தரும். ஆனால், எழுதுகோல் பிடித்தவர் பெரும்பாலும் எல்லாருடைய பேச்சையும் அவ்வாறு எழுதுவதில்லை. கதையில் வரும் செல்வர், "என் தலை வலிக்கிறது" என்பார். அவர் வீட்டு ஏவலாள், "எந்தல வலிக்குது" என்பான். உண்மையில் செல்வரும் ஏவலாளும் ஒரே வகையாகவே ஒலித்திருப்பர். தலையின் ஐகாரம் செல்வர் வாயிலும் குறுகத்தான் செய்யும். இலக்கணம் அதில் செல்வர்க்கு விலக்கு அளிக்கவில்லை. எனினும், ஒருவர் பேச்சு எழுத்து வழக்கில் அமைகின்றது. மற்றவர் பேச்சு சிதைவுற்ற வடிவில் அமைகின்றது. படிப்பவர் கண்ணுக்கு முன்னவர் கற்றவராகவும் பின்னவர் பேதையாகவும் தோன்றுகின்றனர். செவிக்கு இல்லாத வேற்றுமையைக் கண்ணுக்கு உண்டாக்கிக் காட்டும் இம்முறைக்கு, 1925இல் கிராப் என்னும் அமெரிக்க அறிஞர் 'கண்ணுக்குரிய வட்டார வழக்கு' என்னும் பொருள்படப் பெயரிட்டார்.

பேச்சினால் உயர்வு தாழ்வு காட்டுதல் மிகப் பழைய வழக்கமேயாம். வடமொழி நாடகங்களில் அரசன் சமஸ்கிருதம் பேசுவான்; ஏவலரும் பெண்டிர் பெரும்பாலாரும் பிராகிருதம் பேசுவர். நம் திரைப்படங்களிலும் நெடுங்காலம் தலைவனுக்கு ஒரு தமிழும், சிரிப்பு மூட்ட வருபவனுக்குச் சென்னைத் தெருவின் தமிழும் வழங்கப்பட்டு வந்தன. அச்சென்னைப் பேச்சிலோ பெரியதொரு வரலாறு அடங்கியிருக்கின்றது. 'நாஷ்டா', 'பேஜார்' என்பன உருது மொழி தந்தவை. 'துட்டு' என்பது டச்சுக்காரர் வழங்கிய காசின் பெயரிலிருந்து வந்தது. கடல் கடந்து வந்த வணிகரும் படைவீரரும் விட்டுச்சென்ற சுவடுகளை அப்பேச்சு தாங்கி நிற்கின்றது. அதனைக் கேட்டுச் சிரிப்பவர், ஒரு துறைமுக நகரின் வரலாற்றைக் கேட்டுச் சிரிக்கின்றார் என்பதை உணர்வதில்லை.

தென்மாவட்டங்களில் ஒருவரை, 'மெதுவாக வா' என்று சொல்வதற்குப் 'பைய வா' என்பர். நகரத்துச் சிறுவர் சிலர் அதனைக் கேட்டு நகைப்பதுண்டு. 'பைய' என்னும் அச்சொல்லைத் திருவள்ளுவர் காமத்துப்பாலில் ஆண்டுள்ளார். யாழ்ப்பாணத்தார் அழகை 'வடிவு' என்று அன்றாடப் பேச்சில் வழங்குகின்றனர். பிறர்க்கு ஏட்டில் மட்டும் உள்ள சொல், அவர்கட்கு அடுக்களையிலும் உள்ளது. ஊர்ப்பேச்சு சிதைவு மட்டும் அன்று. செல்வத்தைப் புதைத்து வைத்த நிலமும் ஆகும். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தேடித் தொகுத்து அகராதி ஆக்கியது, அச்செல்வத்தின் அருமை உணர்ந்தே ஆகும்.

ஒருவருடைய ஒலியை எழுதுதல் அவர் உள்ளத்தில் எத்தகைய அச்சத்தை விளைவிக்கும் என்பதைப் பெர்னாட் ஷா தம் 'பிக்மேலியன்' நாடகத்தில் காட்டியுள்ளார். 1914இல் இலண்டனில் அரங்கேறிய நாடகம் அது. மழை பெய்யும் இரவில் பூ விற்கும் ஏழைப் பெண் ஒருத்தி தெருவோரத்தில் நிற்கின்றாள். அவள் பேசுவதை ஒருவர் ஏட்டில் குறித்துக்கொள்கின்றார். அவர் ஒலிநூல் வல்ல பேராசிரியர். அப்பெண்ணோ அவரைக் காவல் துறையின் ஒற்றர் என்று எண்ணி நடுங்கி அழுகின்றாள். எழுதியதைக் காட்டுமாறு வேண்டுகின்றாள். காட்டுகின்றார், அவ்வெழுத்தை அவளால் படிக்க இயலவில்லை. தன் வாயில் பிறந்த பேச்சுத்தான். ஆயினும் அது தன்னால் அறிய முடியாத குறியாகப் பிறர் ஏட்டில் ஏறிவிட்டது. அந்நாடகத்தில் ஷா அப்பெண்ணின் பேச்சைத் தொடக்கத்தில் ஒலித்தவாறே எழுதினார். சிறிது எழுதியதும், இலண்டனுக்கு வெளியே இருப்பவர்க்கு இது விளங்காது என்று கூறி, அம்முயற்சியைக் கைவிட்டார்.

நகையைப் பற்றி நம் முன்னோர் ஆழ்ந்து சிந்தித்துள்ளனர். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகை பிறக்கும் இடங்கள் என்று தொல்காப்பியர் வகுத்தார். அவற்றுள் எள்ளலை இருவகையாக விளக்கினார் உரையாசிரியர் பேராசிரியர். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் தான் எள்ளப்பட்டபோது தானே நகுதல் மற்றொன்று. முன்னதற்கு ஆற்றல் வேண்டுவதில்லை. பின்னதற்கு உள்ளத்தில் உரம் வேண்டும்.

அவ்வுரையாசிரியரே நகைச்சுவைக்குரிய பொருள்கள் சிலவற்றை வரிசைப்படுத்திச் சொல்கின்றார். வடபுலத்தார் பேசும் தமிழ் அவ்வரிசையில் உள்ளது. குழந்தையின் மழலையும் உள்ளது. குருடரும் முடவரும் நடக்கும் நடையும் அதில் உள்ளது! இது சிந்திக்கத்தக்கது. கண்ணில்லாதவர் தடுமாறி நடப்பதைக் கண்டு இன்று எவரேனும் வெளிப்படையாகச் சிரிப்பாரா? சிரித்தால் சூழ நிற்பவர் அவரைக் கடிந்துகொள்வர். நாகரிகம் வளர வளர, நகைப்புக்கு உரியவை என்று கருதப்பட்டவை ஒவ்வொன்றாக அவ்வரிசையிலிருந்து நீங்கி வருகின்றன. கால் தடுமாறுவதைக் கண்டு நகைக்க வெட்கப்படும் உலகம், நா வேறுபடுவதைக் கேட்டு நகைக்க இன்னும் வெட்கப்படவில்லை.

அந்நகை சிறிய செய்தி அன்று. சிற்றூர்ப் பள்ளியில் முதல்வனாக விளங்கிய மாணவன் ஒருவன் நகரப் பள்ளியில் வந்து சேர்கின்றான் என்று கொள்வோம். ஆசிரியர் கணக்கு ஒன்றைக் கேட்கின்றார். வகுப்பு முழுவதும் வாளா இருக்கின்றது. அவன் மட்டும் எழுந்து, "எளுவத்தேளு" என்கின்றான். வகுப்பு கொல்லென்று சிரிக்கின்றது. அவன் சொன்ன விடையோ சரியானது. கணக்கின் விடை எழுபத்தேழுதான்! வகுப்பு அவ்விடையைக் கேட்கவில்லை; அதிலுள்ள ளகரத்தைக் கேட்டது. கன்னட நாட்டுப் பள்ளியில் 'ஏளு' என்று சொல்லும் மாணவனுக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். அதே ஒலிக்கு இவனுக்குக் கிடைத்தது ஏளனம். மறுநாள் ஆசிரியர் வினவும்போது அவன் எழவில்லை. அடுத்த நாளும் எழவில்லை. நாளடைவில் அவனுக்கு விடை தெரியாது என்றே எல்லாரும் கருதத் தலைப்படுகின்றனர். சிரித்தவர்கள் அதனை மறந்திருப்பர். அவனால் மறக்க இயலாது. ஒரு கணச் சிரிப்பு ஒருவன் வாயை ஆண்டுக்கணக்கில் அடைத்துவிடுகின்றது. அவன் வீட்டிற்குச் சென்றால், தாய் பேசும் பேச்சும் அவன் செவிக்கு நாணத்தைத் தருகின்றது. இதனினும் பெரிய இழப்பு வேறு யாது உளது?

எள்ளல் வளர்ந்து பகையாக மாறின், அதன் விளைவு கொடிது. பழைய ஏற்பாட்டில் நியாயாதிபதிகளின் வரலாற்றைக் கூறும் பகுதியில் ஒரு செய்தி உள்ளது. கீலேயாத்தியருக்கும் எப்பிராயீமருக்கும் போர் மூண்டது. தோற்ற எப்பிராயீமர் யோர்தான் ஆற்றைக் கடந்து தப்ப முயன்றனர். கீலேயாத்தியர் ஆற்றுத் துறைகளைக் காத்து நின்று, வருவோரை நோக்கி, "ஷிபோலேத் என்று சொல்" என்றனர். எப்பிராயீமர் நாவில் அந்த முதல் ஒலி வாராது. அவர்கள் 'சிபோலேத்' என்றனர். சொன்னவர் அங்கேயே வெட்டுண்டனர். அப்போரில் மடிந்த எப்பிராயீமர் 42,000 பேர் என்று அந்நூல் கூறுகின்றது. இரு கூட்டத்தாரும் ஓரினத்தைச் சேர்ந்தவரே. ஒரு மொழி பேசியவரே. ஓர் எழுத்தின் ஒலி உயிருக்கு விலையாயிற்று.

அவ்வாறாயின், திருத்தமான ஒலி வேண்டாவா? 'பளம்' என்றும் 'பயம்' என்றும் அவரவர் விருப்பம்போல் எழுதிவிடலாமா? அது பொருந்தாது. 'பழம்' என்னும் எழுத்து வடிவம் நெல்லையார்க்கும் உரியது, காஞ்சியார்க்கும் உரியது, ஈழத்தார்க்கும் உரியது. அவரவர் அதனைத் தம் ஒலியில் படித்துக்கொள்ளலாம், பொருள் மாறாது. ஒவ்வொருவரும் தத்தம் ஒலிப்படி எழுதத் தொடங்கினால், ஓர் ஊரார் எழுதிய நூலை மற்றோர் ஊரார் படித்து உணர இடர்ப்படுவர். தமிழ் பல கூறாகப் பிரிந்து போகும். பொது எழுத்து என்பது பல ஊர்களிலிருந்தும் வருவார் தங்குதற்குரிய ஊர்ச்சாவடி போன்றது. அங்கு எல்லார்க்கும் இடம் உண்டு. எவரும் அதனை இடித்து எடுத்துச் செல்லுதல் ஆகாது. கதை எழுதுவோர் மாந்தரின் இயல்பு தோன்ற ஊர்ப்பேச்சை அமைத்துக்கொள்ளலாம்; ஆர். சண்முகசுந்தரம் 1942இல் வெளிவந்த தம் 'நாகம்மாள்' நாவலில் கொங்கு நாட்டுப் பேச்சை அவ்வாறு அழகுற அமைத்துக் காட்டினார். அங்குப் பேச்சு எவரையும் இழிவுபடுத்த வந்ததன்று. அம்மக்களை உள்ளவாறு காட்ட வந்தது.

மேடையில் பேசுவோரும், பாடம் படிப்போரும், செய்தி வாசிப்போரும் ழகரத்தைத் திருத்தமாக ஒலிக்கப் பழகுதல் வேண்டும். அது தமிழுக்குச் செய்யும் கடமை. நுனிநாவை மேலே வளைத்து, அண்ணத்தில் அழுந்தாமல் நிறுத்தி, 'வாழை', 'மழை', 'எழுபத்தேழு' என்று நாள்தோறும் பத்து முறை சொல்லிப் பழகினால், எந்த ஊரார்க்கும் ழகரம் வாய்க்கும். ஒருவர்க்கு அது வாய்க்கவில்லையாயின், அவரைத் தனியே அழைத்து, நா நிற்க வேண்டிய இடத்தை அன்போடு காட்டுதல் ஆசிரியர் கடன். வகுப்பின் நடுவே எள்ளி நகையாடுதல் எவர்க்கும் கடன் அன்று. திருத்துதல் வேறு, எள்ளுதல் வேறு. திருத்தியவரை நா நன்றியோடு நினைக்கும். எள்ளியவர் முன் அது மீண்டும் பேச அஞ்சும்.

சிரிப்பே கூடாது என்பதும் கருத்தன்று. வட்டாரப் பேச்சின் வேறுபாடுகள் சுவையானவை. அவற்றை எடுத்துக்காட்டிச் சிரித்து மகிழ்தல் தவறன்று. ஆனால், அச்சிரிப்புத் தன் நாவிலிருந்தே தொடங்குதல் வேண்டும். தன் பேச்சை ஒருமுறை ஒலித்தவாறே எழுதிப் பார்த்தவன், பிறர் பேச்சைக் கேட்டு இகழ்ச்சியாக நகைக்கமாட்டான்.

சந்தைக்கு மீண்டும் செல்வோம். தொண்டை நாட்டு வணிகர் ஒரு சீப்பை அறுத்து நீட்டுகின்றார். "இந்தப் பயத்தைத் தின்று பாருங்கள், அண்ணே! அப்புறம் பெயர் வைக்கலாம்" என்கின்றார். பொருநைக் கரையார் ஒன்றை உரித்து வாயில் இடுகின்றார். "அருமையான பளம், அண்ணாச்சி!" என்கின்றார். இம்முறை தாம் சொன்னது தம் செவியிலேயே விழுகின்றது. அவர் சற்றே நின்று, தம்மை நினைத்துத் தாமே சிரிக்கின்றார். வணிகரும் உடன் சிரிக்கின்றார். இரண்டாம் முறை எழுந்த அச்சிரிப்பில் எள்ளல் இல்லை.